மளிகைக்கடையும் குழாயும்

துளசிமணியைச் சென்னியப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அறைவாசலில் நின்று, கீழுதட்டைக் கடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் காலித் துணிக்கூடை. "கட்டிட்டேனுங்க. இனி நீங்களாச்சு, உங்க காதாச்சு. எது எதுன்னு வந்து சொல்றேன். மொட்டைமாடியில துணி கெடக்குது, இந்தக் காத்துக்கு விட்டா தாராபுரத்துல போயித்தான் பொறுக்கோணும்" என்றாள். ஆனி மாதம். உடுமலைப்பேட்டையில் அந்த மாதத்துக் காற்றுக்கு யாரும் கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை, தானே திறந்துகொண்டு வரும். கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். பாட்டுக் கேட்கும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும், அது அந்த வீட்டுச் சட்டம். அவள் சாத்தினாள். இடுக்கில் அந்த முகம் குறுகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு கண்ணும் பாதி உதடுமாகி, அப்புறம் பழுப்புப் பெயிண்ட் அடித்த பலகை. இப்போது புரட்டாசி. காற்று ஓய்ந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாட்டுக் கேட்கிற சிநேகிதன் ஹபீப் வருவதற்கு முன்னால் உள்ள நேரத்தில், அந்தப் பலகையைத்தான் சென்னியப்பன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் ஹபீப் பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தான். "அண்ணா, கேக்கறதுக்கே வாய் வரல. பையன்கூட ஓசூருக்குப் போறோம், வீட்டையே காலி பண்றோம். அந்தப் பெட்டி மட்டும் உங்ககிட்ட நிக்குது. நீங்க அலைய வேண்டாம், நானே வந்து எடுத்துக்கறேன்." அவன்மேல் தப்பில்லை. கேட்டுப் பார்த்துவிட்டு உங்கள் பெட்டி தேவலையா என் பெட்டி தேவலையா சொல்லுங்கள் என்று அவன் வைத்துவிட்டுப் போன பெட்டி. ஆனால் அதை எடுக்க வேண்டுமானால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். மேசையில் துளசிமணியின் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த துணி, இரண்டு பெட்டிகளையும் அவற்றின் முதுகில் ஓடும் வயர்களையும் சேர்த்து மூடி, மேலே ஒரு முடிச்சில் நிற்கிறது. வெளியே தெரிவது சிடி பிளேயர், ஆம்பிளிஃபயர், அவர் செய்த சின்ன சுவிட்ச் பெட்டி. அதில் இரண்டு பொத்தான்கள், ஏ, பி. எந்தப் பொத்தானுக்குப் பின்னால் எந்தப் பெட்டி என்று துளசிமணிக்கு மட்டும் தெரியும். தெரிந்திருந்தது. தூசி தட்ட வந்த மகளிடம் "அதைத் தொடாதே" என்று அவர் சொன்ன சத்தத்தில் பேரன் அழுதுவிட்டான். அம்மா கட்டிய முடிச்சு, அதுதான் அப்பாவுக்கு, என்று மகள் நினைத்துக்கொண்டாள். அது பாதிதான். மீதிப் பாதி பயம். துளசிமணி அன்றைக்கு மாடியிலிருந்து அவரைக் கூப்பிட்டாளா இல்லையா என்பதை அந்தத் துணிக்குள் இருக்கும் வயர் சொல்லிவிடும்.

ஒரு வயர் அதை எப்படிச் சொல்லும் என்று யாராவது கேட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கக்கூடியவள் ஒருத்திதான், அவள் கேட்டுமிருக்கிறாள். "ஏனுங்க, சிடி சுத்தறதுக்கு ஒரு பெட்டி இருக்குது, சத்தத்தைப் பெருக்கறதுக்கு ஒரு பெட்டி இருக்குது, நடுவுல இந்த டாக்குப் பெட்டி எதுக்குங்க?" வட்டில் பாட்டே இல்லை துளசி, வெறும் எண்கள்தான் இருக்கின்றன, ஒரு நொடிக்கு நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம் எண்கள், அவற்றை மறுபடி ஒலியாக்குவது இதுதான் என்றார். அதில் இரண்டு ஜாதி. பழையது எடைக்கல் மாதிரி. பதினாறு கல், ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. ஒரு எண் வந்ததும் அதற்கு வேண்டிய கற்களை ஒரே சமயத்தில் தட்டில் வைத்து, இவ்வளவு என்று நிறுத்துக் கொடுப்பது. கல் என்பது உண்மையில் மின்தடைகள், ஏணிப்படி போல வரிசையாகக் கோத்திருக்கும், அதனால் ஏணி வகை என்பார்கள். புதியதில் கல்லே கிடையாது. ஒரே ஒரு குழாய். திற, மூடு, திற, மூடு, நொடிக்கு லட்சக்கணக்கான தடவை. எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ அதுதான் அளவு. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அப்பப் பழசு மளிகைக்கடை, புதுசு முனிசிபாலிட்டிக் குழாய்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அவற்றுக்கு அதுதான் பெயர். மளிகைக்கடையின் குறை என்னவென்றால், பெரிய கல்லில் ஒரு பொட்டுப் பிசகு இருந்தால் போதும், சின்னக் கல்லின் மொத்த எடையையும் அது விழுங்கிவிடும். பாட்டு ஓங்கி ஒலிக்கும்போது தெரியாது, தேய்ந்து அடங்கும் இடத்தில் சொரசொரப்புத் தட்டும். குழாய்க்கு அந்தக் குறை இல்லை, ஆனால் திறந்து மூடுகிற இரைச்சல் உண்டு, அதை மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். "எதுத்த வீட்டுக்காரி கூட்டின குப்பையை நம்ம வாசலுக்குத் தள்ளற மாதிரி." ஆமாம், அப்படித்தான். மின்வாரிய அலுவலகத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த மனிதர், ரேடியோப் புத்தகங்களைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர், அவரால் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. மளிகைக்கடையை அவரேதான் கட்டினார். அவரே என்று சொல்வது சரியில்லை. அச்சு மாறாமல் ஒரே அளவுள்ள மின்தடைகள் வேண்டும், கடையில் வாங்குகிற எதுவும் அப்படி இருக்காது, நிறைய வாங்கி ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். பருப்பில் கல் பொறுக்கும் முறத்தில் அவற்றைக் கொட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, இடதுகையால் ஒவ்வொன்றாக எடுத்து மீட்டரில் வைத்து, "இது அதுக்கு அண்ணன், இது தம்பி, இது எவனோ ஊர்க்காரன்" என்று பிரித்தவள் அவள். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு படியும் அவள் விரல் பட்டது. அதனால்தான் ஹபீப் குழாயைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் தன் பெட்டியைத்தான் முதலில் பார்த்தார். தோற்றுவிடுமோ. அறுபத்தேழு வயதில் ஒரு பெட்டி தோற்பதற்கு யாராவது பயப்படுவார்களா. பயந்தார். அது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு எதுதான் தெரியாது.

கண்ணால் பார்த்தால் காது கட்சி சேர்ந்துவிடும். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால்தான் அது பரீட்சை. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், வயரை மாற்றிச் சொருகிவிட்டு வாய் திறக்காமல் இருக்கிற ஆள். இத்தனை வருஷமும் அந்த ஆள் துளசிமணி. அவளுக்கு வாய் திறக்காமல் இருக்க வரும், முகத்தை மூடத்தான் வராது, அதனால்தான் கதவு. அவளுடைய சொந்த அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான். "ரெண்டும் பீப்பீதானுங்க." நாகஸ்வரத்தைப் பீப்பீ என்கிறாளே என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார், அதற்காகவே அவள் சொல்வாள். ஒருதடவை புது வயர் ஒன்று வாங்கி வந்து பழையதா புதியதா என்று பரீட்சை. இரண்டாவதில் காற்றோட்டம் இருக்கிறது, முதலாவது முக்காடு போட்ட மாதிரி இருக்கிறது என்று அவர் வெகுநேரம் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே வந்து, தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் வயரை மாற்றவேயில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் பேசவில்லை. "இனிமே மாட்டேனுங்க, சாமி சத்தியமா" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், சொல்லும்போதும் உதட்டைக் கடித்திருந்தாள். அந்த உதடு. அன்றைக்கும் கதவிடுக்கில் அதே உதடு. சரி, அன்றைக்கு. கோயில் பிராகாரத்தில் பதிவுசெய்த நாகஸ்வரக் கச்சேரி, தோடி, தவில் தனி முடிகிற இடம். அந்த இடத்தில் ஒரு மூச்சுக்கு எல்லாம் நின்றுவிடும், வெண்கலத் தாளத்தின் அடி ஒன்று மட்டும் விழும், அதன் ரீங்காரம் தேய்ந்து தேய்ந்து சுருதிக்குள் கரையும், கரைந்ததும் நாகஸ்வரம் எடுக்கும். டாக்கை நிறுத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது, சின்னக் கற்கள் மட்டும் தட்டில் இருக்கிற இடம். முதலில் ஏ. தாளம் விழுந்தது, தேய்ந்தது, நாகஸ்வரம் எடுத்தது. பின்னால் ஓட்டி, பி. தாளம் விழுந்தது, தேய்ந்தது, அந்தத் தேய்வுக்குப் பின்னால், வலப்பக்கம், எங்கோ தூரத்தில், மெல்லிய கீற்றாக ஒரு பெண்குரல். ஒரு எழுத்து நீளம்தான் இருக்கும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பிராகாரத்தில் எவளோ பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாள்! எத்தனை வருஷமாகக் கேட்கிற வட்டு, மளிகைக்கடை ஒருநாளும் இதைக் காட்டவில்லையே, சின்னக் கல்லைப் பெரிய கல் விழுங்கிவிட்டது, குழாய் காட்டிவிட்டது. அப்படியென்றால் பிதான் குழாய். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாக இருக்கிறது இப்போது நினைக்க, உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. மளிகைக்கடை தோத்துப்போச்சு துளசி என்று எப்படிச் சொல்வது, அவள் என்ன சொல்வாள், ஜோடி சேர்த்த கூலி போச்சா என்பாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி வட்டை முடிகிறவரை ஓடவிட்டார். அவள் வரவில்லை. எதிர்வீட்டுக்காரியோடு பேச்சுப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார். ஏறிப் போய்ப் பார்த்தபோது மாடியில் பாதித் துணி கூடையில், பாதி கொடியில். அவருடைய வேட்டி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் ஓரம் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கையில் ஒரு துணி கிளிப்பு, மஞ்சள் நிறம். கீழே விழுவதற்கு முன்பே முடிந்திருக்கும், ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் நல்ல மனிதர். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாராயிருக்கும். காரியமெல்லாம் முடிந்து, உறவெல்லாம் போய், இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த முதல் மத்தியானம்தான் அவருக்கு அது தோன்றியது. மாடிப்படி இருப்பது இந்த அறைக்கு வலப்பக்கம். ஜன்னல் இருப்பதும் வலப்பக்கம்.

அதிலிருந்து கணக்கு ஒன்றுதான், அவர் அதை எத்தனை விதமாகத் திருப்பினாலும் அதே கணக்குதான். பி குழாயாக இருந்தால் அந்தப் பெண் வட்டுக்குள் இருக்கிறாள், என்றைக்கோ ஒரு கோயிலில் தன் பிள்ளையைக் கூப்பிட்டவள், அவள் நன்றாக இருக்கட்டும், துளசிமணி கூப்பிடவில்லை, ஒரு நொடியில் போய்விட்டாள், டாக்டர் சொன்னது நிஜம். பி மளிகைக்கடையாக இருந்தால் அதற்குள் அந்தக் குரல் இல்லை என்பது இத்தனை வருஷமும் கேட்ட அவருக்குத் தெரியும், அப்போது அது வெளியிலிருந்து வந்தது, ஜன்னல் வழியாக வந்தது, "ஏனுங்க" என்பதில் முதல் எழுத்து மட்டும் வந்தது, மீதியைக் காற்று தாராபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அவர் அதை ரசித்தார். எழுந்து போகாமல், சபாஷ் என்று நாற்காலிக் கையைத் தட்டினார். வயரைப் பார்க்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டு, பியை அழுத்தி அந்த இடத்தைக் கேட்டால் போதும், குரல் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். இந்த மூன்று மாதமும் அதற்குத்தான் விரல் வரவில்லை. வட்டு அப்படியே பிளேயருக்குள் கிடக்கிறது. இன்றைக்கு வேறு வழியில்லை, ஹபீப் வருவதற்குள் தனியாக இருக்கும்போதே தெரிந்துகொண்டுவிடலாம், இன்னொருவன் முன்னால் தெரிவதைவிட இது மேல், என்று ரிமோட்டை எடுக்கிறார். ஏ. தவில் உருண்டு வருகிறது. இந்தத் தவிலைத்தான் அவள் பருப்பு உலையில் கொதிக்கிற சத்தம் என்பாள். தாளம் விழுகிறது. தேய்கிறது. நாகஸ்வரம். பின்னால் ஓட்டுகிறார். சுண்டுவிரலைப் பி மேல் வைத்துக்கொள்கிறார், பொத்தான் குளிர்ச்சியாக இருக்கிறது. தவில் வருகிறது, உருள்கிறது, இப்போது அழுத்த வேண்டும், இப்போது, தாளம் விழுந்துவிட்டது. விரல் அழுத்தவில்லை. மறுபடி. சமையலறையில் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுபடி. அழுத்தி, குரல் இருந்துவிட்டால்? இருந்தால் நல்லதுதானே. நல்லதுதான். ஆனால் அப்புறம் அவளிடமிருந்து வந்த கடைசிச் சத்தம் கதவு சாத்துகிற சத்தம் என்றாகிவிடும். அவள் கூப்பிடவில்லை என்றால் அவர் காதில் கடைசியாக விழுந்தது அவள் இல்லை, எவளோ. கூப்பிட்டிருந்தால் கடைசியாக அவரைத்தான் கூப்பிட்டாள். சே, என்ன மனசு இது. வலிக்காமல் போயிருக்கட்டும் என்று வேண்டுகிற மனசா, என் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கட்டும் என்று ஆசைப்படுகிற மனசா. பெயரைக்கூட அவள் சொல்லமாட்டாள், ஏனுங்க என்பதுதான் பெயர். உலகத்தில் வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. தவில் மறுபடி உருண்டு வருகிறது. விரல் பொத்தானில். வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம். தாளம் விழுந்து யாரும் கேட்காமலே தேய்ந்துபோகிறது.

ஹபீப் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். உடம்பு இளைச்சுப்போச்சே, ஒழுங்காச் சாப்பிடறீங்களா, மகள் வீட்டோட போயிடலாமில்ல. டீ போடவா என்றதற்கு, "நீங்க போட்டா? வேண்டாம்ணா, நான் புள்ளகுட்டிக்காரன்" என்றான். சிரித்துவிட்டு, சிரித்தது சரியா என்று ஒருகணம் தயங்கினான். அப்புறம் மேசையைப் பார்த்தான்.

"இதை அவுக்கவே இல்லியாண்ணா?"

"இல்ல."

"அப்பலிருந்தா?"

"அவ கட்டினது."

ஹபீப் தலையிலிருந்த தொப்பியை எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டான். "அப்படின்னா பெட்டி இங்கயே இருக்கட்டும்ணா. நான் இன்னொரு நாள் வர்றேன். வரலேன்னாத்தான் என்ன."

"வேண்டாம். நீ உக்காரு. நானே அவுக்கறேன்."

முடிச்சு வரவில்லை. நகத்தால் நெம்பினார், இழுக்க இழுக்க இறுகியது. கத்தரி எடுக்கட்டுமா என்று ஹபீப் கேட்டான், அவர் தலையை ஆட்டினார். அப்புறம்தான் நினைவு வந்தது, அவளுக்கு இடதுகைப் பழக்கம். வலதுகையை எடுத்துவிட்டு இடதுகையால் பிடித்தார். அவள் கை எப்படிப் போயிருக்குமோ அப்படியே திருப்பித் தொட்டார். வந்துவிட்டது.

குழாயின் முகப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹபீப் அதைத் திருப்பப் போனான், நின்றான், குனிந்து பார்த்தான்.

"அண்ணா, சிடியில இருந்து வர்ற வயர் இருக்குது. எம்பெட்டியில இருந்து வெளிய போற வயரே இல்லியே."

இல்லை. குழாயின் முதுகில் வெளியே போகிற துளைகள் காலியாக இருந்தன. சுவிட்ச் பெட்டியிலிருந்து வந்த ஏ வயர் மளிகைக்கடைக்குப் போனது. பி வயரும் மளிகைக்கடைக்குப் போனது. முன்னொரு காலத்தில் டேப்பில் பதிவு செய்துகொள்ள அவர் அதன் முதுகில் இன்னொரு ஜோடித் துளை வைத்திருந்தார், அதில் சொருகியிருந்தாள். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை, அழுத்தமாக.

ஹபீப் முதலில் விழித்தான். அப்புறம் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அடேயப்பா! அக்கா நம்ம ரெண்டு பேரையும் வெச்சுச் செஞ்சுட்டாங்கண்ணா! ரெண்டு பக்கமும் உங்களதையே சொருகிட்டாங்க. ஏ நல்லாருக்குதுன்னு சொன்னாலும் உங்க பெட்டி, பி நல்லாருக்குதுன்னு சொன்னாலும் உங்க பெட்டி. எதைச் சொல்லியிருந்தாலும் நீங்கதாண்ணா ஜெயிச்சிருப்பீங்க!"

சென்னியப்பன் இரண்டு வயர்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கதவிடுக்கில் அந்த உதடு. வந்து சொல்கிறேன் என்றது இதைத்தான். துணியை மடித்துக்கொண்டே சொல்லியிருப்பாள், உங்களது தோக்குமுங்களா, நானில்லீங்களா பொறுக்கிக் குடுத்தேன் என்று. அதைச் சொல்லத்தான் சீக்கிரம் இறங்கி வர நினைத்திருப்பாள். அவர் கேட்டது மளிகைக்கடையைத்தான். அந்த வட்டில் எந்தப் பெண்ணும் இல்லை.

"என்னண்ணா? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா?"

"இல்ல ஹபீப். அவ கூப்பிட்டிருக்கா."

"யாரு, அக்காவா? எப்ப?"

அவர் வலப்பக்க ஜன்னலைப் பார்த்தார். மாற்றாத வயரில் காற்றோட்டம் கேட்ட காது இது, ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றைக் கேட்டிருக்கலாம், அதுவும் அவருக்குத் தெரியாமலில்லை. இனி யாரை வைத்து அந்தப் பரீட்சையைச் செய்வது. ஹபீப் கொஞ்சநேரம் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு தன் பெட்டியைக் கழற்றி, கொண்டுவந்திருந்த துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அந்தக் குழாய் சொட்டுதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுங்குடித் துணி நாற்காலிக் கையில் கிடக்கிறது. மளிகைக்கடை மேசைமேல் இருக்கிறது, இரண்டு ஜோடி வயர்களும் அவள் சொருகிய இடத்திலேயே இருக்கின்றன. ஏயை அழுத்தினாலும் பியை அழுத்தினாலும் அதுதான் பாடும்.